பழைய ஜீப்பில் டீசல் எஞ்சின் இறக்குவது எப்படி? ஏற்காடு மலைப்பாதைக்கான முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலும் சேலத்தில் பழைய வண்டிப் பிரியர்களின் வீடுகளிலும் பெட்ரோல் ஜீப்புகள் இன்னும் நிற்கின்றன. எஞ்சின் தேய்ந்து, உதிரிபாகம் தேடி அலுத்த பிறகு, "ஒரு டீசல் எஞ்சினை இறக்கிவிடலாம்" என்று முடிவெடுப்பார்கள். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் புதிதாக இறங்குபவர்கள் முதல் நாளே எஞ்சினைத் தொங்கவிட்டு, அதைச் சேஸில் தாங்கும் மவுண்ட்டுக்கு வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஃபேன் இடிக்கிறது, சக்கர அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் அதிர்கிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டுகிறார்கள்.

முழு வெல்டிங் என்பது கிட்டத்தட்ட கடைசி வேலை. கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான்.

எடுத்துக்காட்டுக்கு, 80 அங்குல வீல்பேஸ் கொண்ட சிஜே 3பி ஜீப்பில், அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மஹிந்திராவின் 2523 சிசி டிஐ டீசலை வைப்பதாகக் கொள்வோம். எஞ்சின் வேறானாலும் வரிசை மாறாது. வெளிநாட்டில் ஹாட் ராடு என்கிற, மாற்றிக் கட்டிய பழைய கார்களுக்குள் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் வைப்பவர்களும் இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்கு நீளமும் எடையும் கூடுதல், அவ்வளவுதான்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் எண், எரிபொருள் வகை இரண்டும் ஆர்.சி.யில் இருக்கின்றன, நீங்கள் மாற்றப்போவது அந்த இரண்டையும்தான். 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

"தோட்டத்துக்குள்ளதானுங்க ஓடப்போகுது" என்று பலர் சொல்வார்கள். பிரிவு 39 பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை, வேறு எந்த இடத்திலும் பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்றே சொல்கிறது. அதனால் எந்த எஞ்சின், எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், இருக்கிற எஞ்சினையே சிலிண்டர் போர் அடித்து (உள்சுவரைக் கடைந்து), கிராங்க் கிரைண்டிங் செய்து கட்டிவிடுங்கள். பாதி வேலையில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

பழைய எஞ்சின் வாங்கும்போது பில், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், அந்த ஆர்.சி. ரத்தான சான்று மூன்றும் வேண்டும். எஞ்சின் எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எண் அரம் போட்டது போல மழுங்கியிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

2. எஞ்சினை வாங்கும் இடத்திலேயே முடிவாக வேண்டியது

எஞ்சின் மட்டும் வாங்குவதா, கியர்பாக்ஸோடு செட்டாக வாங்குவதா? செட்டாக வாங்கினால் கிளட்ச், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர், பெல் ஹவுஸிங் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியே வரும். எஞ்சினையும் வேறு கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் என்கிற தலைவலி இல்லை.

அதில் ஒரு சிக்கல் உண்டு. 80 அங்குல ஜீப்பில் பின்பக்க ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. நீளமான ஐந்து கியர் பாக்ஸ் வைத்தால் ஷாஃப்ட் இன்னும் குட்டையாகி, கோணம் செங்குத்தாகிவிடும். 91 அங்குல ஜீப் என்றால் கவலையில்லை. 80 அங்குலம் என்றால் கியர்பாக்ஸின் நீளத்தை டேப் வைத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

டிஐ எஞ்சினின் டார்க் சுமார் 180 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுற்றுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. மலைக்கு இது பெரிய வசதி. எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் வடிவத்தையும் வாங்கும் இடத்திலேயே பாருங்கள்: பள்ளமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியிலிருந்து வந்த எஞ்சினுக்கு முன் அச்சை ஒதுக்கிய சம்ப் இருக்கும். அதையே தேடுங்கள்.

3. பிரிக்கும் முன் எழுத வேண்டிய அளவுகள்

பழைய எஞ்சின் உள்ளே இருக்கும்போதே, சமதளத்தில் வண்டியை நிறுத்தி இவற்றை நோட்டில் எழுதுங்கள்.

நான்கு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை உள்ள உயரம். டீசல் எஞ்சின் கனமானது, முன் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தாழும். எவ்வளவு தாழ்ந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை பட்டை சேர்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் பூட்டும் முகம்) இருக்கும் இடமும் கோணமும். பின் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சின் கோணம். போனில் உள்ள லெவல் ஆப் போதும், ஆனால் ஒரே போனை, ஒரே பக்கமாக வைத்து அளக்க வேண்டும்.

கிராங்க் நடுவிலிருந்து சேஸின் மேல்விளிம்புக்கு எவ்வளவு, வலது இடது சேஸுக்கு எவ்வளவு. பழைய எஞ்சின் நடுக்கோட்டில் இருந்ததா, ஒரு பக்கம் தள்ளி இருந்ததா என்று இதிலிருந்துதான் தெரியும். கண்ணால் பார்த்து நடுவில் வைத்தால் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் வளைந்துவிடும்.

4. எஞ்சினுக்கு முன்னால் பிரேக்

ஏற்காட்டுக்கு ஏறும்போது எஞ்சின் போதாவிட்டால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிரேக் போதாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் எஞ்சின் வெளியே இருக்கும்போதே, இடம் தாராளமாக இருக்கும்போதே, பிரேக்கை முடித்துவிடுங்கள். வீல் சிலிண்டர், லைனிங், டிரம் கடைசல், பிரேக் குழாய், ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் இரட்டைச் சுற்று, இவ்வளவும் இப்போதே.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு வருபவர்கள் தவறவிடுவது, பெடல் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரைத்தான். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) மூடும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் உருவாகும், பூஸ்டர் அதை இழுத்துக்கொள்ளும். டீசலில் த்ராட்டில் இல்லை, வெற்றிடமும் இல்லை. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். எஞ்சினோடு அந்த ஆல்டர்னேட்டரையும் அதன் எண்ணெய்க் குழாயையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

த்ராட்டில் இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. கால் எடுத்ததும் பெட்ரோல் எஞ்சின் கொடுக்கும் பிடிப்பு டீசலில் குறைவு. இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும்.

5. வைத்துப் பார்ப்பது

நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே கோணும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாகப் பூட்டிய நிலையில் செயின் பிளாக்கில் தொங்க வேண்டும். எஞ்சினை மட்டும் வைத்து அளவெடுத்தால், கியர்பாக்ஸ் சேர்ந்ததும் எல்லா அளவும் மாறிவிடும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய இடத்தில், பழைய கோணத்தில் உட்காரட்டும். கியர்பாக்ஸ் அதற்கு முன்னால், எஞ்சின் அதற்கும் முன்னால். மிச்சமிருக்கும் இடம்தான் ரேடியேட்டருக்கு. புதியவர்கள் ரேடியேட்டரை முதலில் வைத்துவிட்டு எஞ்சினைப் பின்னால் தள்ளுவார்கள், ஷாஃப்ட்டுக்கு இடமே இருக்காது. நீளம் பற்றவில்லை என்றால் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை) வெட்டி உள்ளே தள்ளலாம். மூக்கை மேலே தூக்கி இடம் பிடிக்கக் கூடாது. மூக்கு தூக்கினால் கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து, ஷாஃப்ட் கோணம் கெட்டுவிடும்.

ஷாஃப்ட் கோணத்தின் கணக்கு இதுதான். கிராஸ் ஜாயின்ட் ஒன்று வளைந்து சுற்றும்போது வேகம் ஒரே சீராக இருக்காது; ஒரு சுற்றில் இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். எனவே டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிவரும் கோடும் டிஃபரன்ஷியல் பினியன் கோடும் இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். குட்டை ஜீப்பில் கோணம் பெரிதாக இருப்பதைத் தவிர்க்க முடியாது, இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும். ஷாஃப்ட்டை வெட்டி நீளம் மாற்ற நேர்ந்தால் பேலன்ஸ் பார்க்கும் பட்டறையில் மட்டும் கொடுங்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் இருப்பதால் இதில் கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்து முன் அச்சு. வண்டி நிற்கும்போது சம்ப்புக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே கை போகும் அளவு இடம் தெரியும். அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே வருகிறது, அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். ஈரக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, டிஃபரன்ஷியல் தலையில் மூன்று இடத்தில் ஒட்டுங்கள். மண் மேல் ஒரு துண்டு பாலித்தீன் போடுங்கள், சம்ப்பில் ஒட்டாது. சேஸைத் தாங்கியில் கட்டி வைத்து, அச்சை ஜாக்கியால் ரப்பர் ஸ்டாப்பர் நசுங்கும் வரை தூக்கி இறக்குங்கள். நசுங்கிய மண்ணைப் பிளேடால் குறுக்கே அறுத்து வெர்னியர் வைத்துப் பாருங்கள். மிக மெல்லிய இடத்தில் 25 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எஞ்சினும் தன் ரப்பரில் ஆடும் என்பதை மறக்காதீர்கள்.

இடம் போதாமல் சம்ப்பை வெட்டி மாற்றினால், குறைத்த கொள்ளளவைப் பக்கவாட்டில் திருப்பிச் சேர்க்க வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் வலைக்கும் சம்ப் அடிக்கும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஒட்டிக்கொண்டால் எண்ணெய் ஏறாது, ரொம்ப விலகினால் கொண்டை ஊசி வளைவில் காற்றை உறிஞ்சிவிடும்.

இதே நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் இறங்குகிறது, அதன் அருகில் பிரேக் குழாய் போகிறதா? ஆயில் ஃபில்டரைக் கழற்ற இடம் இருக்கிறதா? ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையுமா? மூன்று மாதம் கழித்து ரோட்டோரத்தில் படுத்துக் கழற்றப்போவது நீங்கள்தான்.

6. பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால்: அடாப்டர்

செட்டாக வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு தகடு வரும். அதை லேத்தில் செய்யும்போது பார்க்க வேண்டியது நடுத்துளை. கிராங்க்கில் டயல் கேஜ் கட்டி, துளையின் உள்சுற்றில் முள்ளை ஓடவிட்டு, ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள்ளின் மொத்த ஆட்டம் 0.20 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கூடினால் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரமே சத்தம் போடும், கிளட்ச்சும் இழுக்கும். சரிபார்த்த பிறகு இடம் விலகாமல் பிடிக்கும் டவல் பின் இரண்டு அடித்துவிடுங்கள். போல்ட் துளையில் இடைவெளி இருக்கும், நடுவைப் பிடித்து வைக்க போல்ட்டால் முடியாது.

தகட்டின் தடிமன் அளவுக்கு கியர்பாக்ஸ் பின்னால் போகிறது. இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு, கிராங்க் முனையில் உள்ள பைலட் பேரிங்குக்குள் முழுசாக நுழைகிறதா என்று கிரீஸ் தடவிப் பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சினுக்கும் நடுப்பல் கியர்பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும்.

7. மவுண்ட்: டேக் மட்டும்

எஞ்சினுக்கு இரண்டு, பின்னால் கியர்பாக்ஸ் அடியில் ஒன்று, ஆக மூன்று தாங்கல். மேடு பள்ளத்தில் சேஸ் முறுக்கும்; நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் அந்த முறுக்கு எஞ்சின் பிளாக்கின் காதுக்குப் போய்ச் சேரும்.

முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். அப்புறம் 6 மில்லிமீட்டர் தகட்டில். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் ஓடக் கூடாது. பாரத்தை அதிகம் தாங்குவது அந்த விளிம்புகள்தான், விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். பக்கச் சுவரில் ஒரு பெரிய தகட்டை வைத்து, பிராக்கெட்டை அதன் மேல் கட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். வெல்டர் அண்ணன், "இப்பவே ஓட்டிடறேனே தம்பி, மறுபடி எதுக்கு வரணும்?" என்பார். வேண்டாம். ரேடியேட்டர், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகு, எஞ்சினை மறுபடி வெளியே எடுத்து, முழு வெல்டிங் வையுங்கள். எஞ்சின் உள்ளே இருக்கும்போது வைத்தால் சூட்டில் பிராக்கெட் இழுத்துக்கொண்டு போல்ட் துளை விலகும், ரப்பரும் கருகும். டேக் வைக்கும்போதும் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் மேல் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி அதைக் கெடுத்துவிடும்.

8. ரேடியேட்டர்

மலையேற்றம் ரேடியேட்டருக்கு எதிரான வேலை: சுற்று அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை. எல்லாக் காற்றையும் ஃபேனே இழுக்க வேண்டும். அதற்கு ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி வரும் கூடு) கட்டாயம். இல்லாவிட்டால் ஃபேன் ஓரத்துக் காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்குமே தவிர, ரேடியேட்டர் வழியே இழுக்காது. இறக்கைகள் பாதி ஷ்ரவுட்டுக்குள், பாதி வெளியே நிற்கட்டும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் பிடிக்காத பழைய மூடி போட்டிருந்தால், சேலத்தில் நன்றாக ஓடிய வண்டி மேலே போய்ப் பொங்கும். புது மூடி, கூலண்ட், இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

9. டீசல் லைன், மின்சாரம்

பெட்ரோல் டேங்கைக் கழுவிக் காயவைத்துத்தான் டீசல் ஊற்ற வேண்டும். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் கலந்தால் உராய்ந்து போகும். துத்தநாகம் பூசிய குழாயைத் தவிருங்கள். டீசலுக்கு ரிட்டர்ன் லைன் ஒன்று வேண்டும், டேங்கின் மேல்பகுதிக்கு. பழைய டேங்கில் அது இருக்காது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

சாவியைத் திருப்பினால் இந்த எஞ்சின் அணையாது. ஸ்டாப் கேபிளை ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே இழுக்க முடிய வேண்டும்.

எர்த் பட்டையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் சேஸுக்கும் மின் இணைப்பு கிடையாது. பட்டை இல்லாமல் ஸ்டார்ட்டர் அடித்தால், அத்தனை மின்சாரமும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். ஒரு பட்டறையில் அந்தக் கேபிளின் மேலுறை உருகிப் புகைந்து, உள்கம்பி ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் அப்போது ஸ்டார்ட் ஆகியிருந்தால் ஆக்ஸிலரேட்டர் அதே இடத்தில் நின்றிருக்கும். விரல் தடிமனில் ஒரு பட்டை, எஞ்சினில் பெயிண்ட் சுரண்டிய இடத்திலிருந்து சேஸில் பெயிண்ட் சுரண்டிய இடத்துக்கு.

10. முதல் ஸ்டார்ட்

எண்ணெய், தண்ணீர், டீசல் ஊற்றியதும் கை பம்ப்பால் ஃபில்டரில் ஏர் எடுங்கள், பிறகு நாசில் பைப் நட்டைத் தளர்த்தி அங்கேயும். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி ஆயில் பிரஷர் முள் அசையும் வரை. அதற்குப் பிறகுதான் கேபிளை விட வேண்டும்.

காற்று உள்ளே போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு ப்ளைவுட் துண்டுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பம்ப் சிக்கி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் அதை நிறுத்தும் வழி அதுதான். கையாலோ துணியாலோ மூடவே கூடாது.

ஓடியதும் பூஸ்டரைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுக வையுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டி பட்டறையை விட்டு நகரக் கூடாது.

11. ஆர்.சி.யில் ஏற்றுவது

எஞ்சின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பில், முன்பே வாங்கிய அனுமதி, பென்சில் பிரதி எல்லாவற்றோடும் வண்டியைக் காட்டி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதுங்கள், அவர்களுக்குத் தெரியாத எஞ்சினோடு விபத்து என்றால் பணம் வராது. மலைப்பாதை இதற்குப் பிறகுதான்.

12. மலை ஏற்றிப் பார்ப்பது

முதலில் ஊருக்குள் சமதளத்தில் சில நாள் ஓட்டுங்கள். அப்புறம் ஒரு வேலைநாள் காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம். மே மாதக் கோடை விழா நாட்களும் மூடுபனி நாட்களும் வேண்டாம். வண்டியில் சுமை வேண்டாம், ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும், வெப்ப முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே வர.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கீழே குனிந்து கசிவு பாருங்கள். மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏற்காட்டு உயரத்தில் ஏழில் ஒரு பங்கு சக்தி குறையும், புகையும் கொஞ்சம் கறுக்கும். சேலத்தில் இழுவை போதவில்லை என்று பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தவர்களுக்கு இங்கே கரும்புகையும் அதிக வெப்பமும்தான் கிடைக்கும். பம்ப் அளவைத் தொடாதீர்கள்.

இறங்கும்போது, ஏறிய அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகம் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். இடையில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நான்கு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் லைனிங் ஒட்டிப் பிடிக்கிறது.

திரும்பி வந்ததும் எல்லா மவுண்ட் போல்ட்டையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். முதல் 500 கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை டார்ச் அடித்து அந்தக் கோடுகளையும், வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும், கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.